ஹேலோவைச் சாய்த்தது போட்டியா? கேள்வி பதில்

மைக்ரோசாஃப்டின் கேம் கன்சோலான எக்ஸ்பாக்ஸ் முதலில் வந்த காலத்திலிருந்து, ஹேலோ என்ற துப்பாக்கிச் சண்டை வீடியோ கேமை விடாமல் ஆடி வருகிறேன். அதன் மவுசு குறைந்தது பற்றிப் பலர் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அண்ணா, நான் ஃபோர்ட்நைட் ஆடி வளர்ந்தவன். ஹேலோ உண்மையிலேயே அவ்வளவு பெரிதாக இருந்ததா?

இருந்தது தம்பி. 2001 நவம்பரில் எக்ஸ்பாக்ஸோடு சேர்ந்தே வந்தது. பலர் அந்தக் கன்சோலை வாங்கியதே இதற்காகத்தான். 2004இல் ஹேலோ 2, அமெரிக்காவில் முதல் 24 மணி நேரத்தில் 12.5 கோடி டாலருக்கு விற்றது. 2007 செப்டம்பரில் ஹேலோ 3 அதே போல 17 கோடி. நண்பர்களோடு குழுவாகச் சேர்ந்து ஆன்லைனில் அடுத்தடுத்து ஆடும் பழக்கத்தைக் கன்சோலில் ஊன்றியது ஹேலோ 2தான்.

அப்புறம் கால் ஆஃப் டூட்டி வந்து காலி செய்துவிட்டதா?

காலி செய்யவில்லை. ஹேலோ 3 வந்த சில வாரங்களில், 2007 நவம்பரில், கால் ஆஃப் டூட்டி வரிசையின் மாடர்ன் வார்ஃபேர் வந்தது. ஹேலோவில் எல்லோரும் ஒரே வகைத் துப்பாக்கியோடு தொடங்குவோம். ராக்கெட் லாஞ்சர் எங்கே கிடக்கும் என்று இரண்டு அணிக்கும் தெரியும். ஆட்டம் தொடங்கியதும் எட்டுப் பேரும் அந்த இடத்துக்கு ஓடுவோம். அடியைத் தாங்கும் ஷீல்டு போய்விட்டால் காதில் பீப் பீப் என்று அலறும். ஒரு பாறைக்குப் பின்னால் பதுங்கி, அது திரும்ப ஏறும் ஓசைக்காகக் காத்திருப்போம். தப்பித்து வந்து திருப்பி அடிக்கவும் நேரம் இருக்கும்.

மாடர்ன் வார்ஃபேரில் கண் இமைப்பதற்குள் ஆள் காலி. ஆனால் தோற்றாலும் புள்ளிகள் சேரும், புதுத் துப்பாக்கி திறக்கும். "இன்னும் ஒரே ஒரு ஆட்டம்" என்று பிடித்து வைப்பது அதுதான். எக்ஸ்பாக்ஸின் போட்டிக் கன்சோலான பிளேஸ்டேஷன் 3, கணினி இரண்டிலும் கிடைத்தது வேறு.

அப்படியும் ஹேலோவின் விற்பனை விழவில்லை. 2010இல் ஹேலோ ரீச் முதல் நாளில் 20 கோடி டாலர், 2012இல் ஹேலோ 4, 22 கோடி. ஆனால் ஹேலோ 4க்கு ஒரு வாரம் கழித்து வந்த கால் ஆஃப் டூட்டியின் பிளாக் ஆப்ஸ் 2 முதல் நாளிலேயே 50 கோடியைத் தொட்டது. ஹேலோ சுருங்கவில்லை, பக்கத்தில் இருந்தவன் அதைவிடப் பெரிதாக வளர்ந்துவிட்டான்.

பிறகு ஏன் ரசிகர்களே ஹேலோ 4ஐத் திட்டுகிறார்கள்?

புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்டது என்பார்கள். ஹேலோவும் புலிதான், அதற்கு எதற்குச் சூடு? அவரவர் ஆயுதத்தை அவரவர் தேர்ந்தெடுத்து வரலாம், புள்ளிகள் சேர்ந்தால் பெரிய ஆயுதம் வானத்திலிருந்து விழும் என்று மாற்றினார்கள். எல்லோரும் ராக்கெட்டை நோக்கி ஓடும் அந்தத் தருணமே போனது. அது பிடித்தவர்களுக்குக் கால் ஆஃப் டூட்டி ஏற்கெனவே இருந்தது. எனக்கு இன்றும் ஆறாத வருத்தம் இது.

ஒரே கன்சோலில் அடைத்து வைத்ததுதான் காரணம் என்கிறேன். சரியா சார்?

பாதி சரி. பிளேஸ்டேஷன் பக்கம் 'ஹேலோ கில்லர்' என்று பேசப்பட்ட கில்ஸோனும் அப்படித்தான் அடைபட்டிருந்தது. 2013க்குப் பிறகு அதில் புது ஆட்டமே இல்லை. ஃபோர்ட்நைட், கால் ஆஃப் டூட்டியின் வார்ஸோன் எல்லாம் எந்தக் கருவியில் இருக்கும் நண்பனோடும் இலவசமாக ஆட விடுகின்றன. நண்பர்கள் அங்கே இருக்கும்போது நாம் மட்டும் எத்தனை நாள் இங்கே இருப்போம்?

ஹேலோ இன்ஃபினிட்டின் ஆன்லைன் ஆட்டம் இலவசம்தானே, ஏன் நிற்கவில்லை?

2021 நவம்பரில் வந்தபோது கூட்டம் அலைமோதியது. சுடும் சுகம் அத்தனை அருமை. ஆனால் புதுச் சரக்கோடு வரும் அடுத்த தவணை, அதாவது இரண்டாவது சீசன், வரவே 2022 மே ஆனது. மற்ற ஆட்டங்கள் இடைவிடாமல் புதிது புதிதாகப் போட்டுக்கொண்டிருக்கும்போது இந்த ஆறு மாதம் மிக நீளம். ஒரே டிவியில் சேர்ந்து கதையை ஆடும் வசதியையும் தருவதாகச் சொல்லிவிட்டுக் கைவிட்டார்கள். திரையை நான்காகப் பிரித்து, அடுத்தவன் கட்டத்தை ஓரக்கண்ணால் பார்த்து ஆடிய எங்களுக்கு அது பெரிய அடி.

ஹேலோ பிளேஸ்டேஷனுக்குப் போகிறதே, எக்ஸ்பாக்ஸ்காரனான நான் வருத்தப்பட வேண்டுமா?

வேண்டாம். முதல் ஆட்டத்தின் கதையைப் புதிதாகச் செய்து பிளேஸ்டேஷன் 5க்கும் தருவதாக 2025 அக்டோபரில் அறிவித்தார்கள். ஆட ஆள் கூடினால் நமக்குத்தான் நல்லது. கன்சோலில் இரண்டு பேர் ஒரே டிவியில் ஆடலாம் என்றும் சொன்னார்கள். நான் முதலில் தொடுவது அதைத்தான்.