கேள்வி-பதில்: வயதான வேட்டைக்காரர் எந்த கிராஸ்போ வாங்கலாம்?

கேள்வி: அமெரிக்காவின் விஸ்கான்சினில் முப்பது வருடமாக இருக்கிறேன். உடன் வேலை பார்த்தவர் பழக்கிவிட்டதில், ஒவ்வோர் இலையுதிர் காலமும் கப்பி வைத்த காம்பவுண்ட் வில்லோடு மான் வேட்டைக்குப் போவேன். வயது 67. தோளில் அறுவை சிகிச்சை ஆனபின் 50 பவுண்டு இழுவிசையுள்ள வில்லை இழுக்க முடியவில்லை. முதியவர்களுக்கு, துப்பாக்கிபோல் விசையைத் தட்டி எய்யும் கிராஸ்போ வில்லுக்கு அனுமதி உண்டாமே, அதற்கு மருத்துவச் சான்று வேண்டுமா? கடைக்காரர் நொடிக்கு 450 அடி வேகம் போகும் ஒன்றை 2,400 டாலருக்குக் காட்டுகிறார். வாங்கலாமா?

பதில்: சான்று எதுவும் வேண்டாம். 65 வயது தாண்டியவர்களும் உடல் ஊனமுற்றவர்களும் மட்டுமே கிராஸ்போ பிடிக்கலாம் என்று உங்கள் மாநிலத்தில் இருந்த விதி 2014 பருவத்தோடு போய்விட்டது. இப்போது யாரும் கிராஸ்போ லைசென்ஸ் எடுக்கலாம். வில் லைசென்ஸ் கையில் இருந்தால் 3 டாலர் மட்டும் கூடுதலாகக் கட்டி இதையும் சேர்த்துக்கொள்ளலாம். இரண்டு லைசென்ஸ் இருக்கிறதே என்று இரண்டு கொம்பு மான் அடிக்க முடியாது, ஒரு மானுக்கான அனுமதிச் சீட்டான அந்த ஒரு டேக்தான் இரண்டுக்கும்.

அந்த 2,400 டாலர் வில் உங்களுக்கு வேண்டாம். ஏன் என்று ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒலி நொடிக்கு ஏறக்குறைய 1,100 அடி போகும், அம்பு அதில் பாதிகூடப் போகாது. அதனால் நாண் சத்தம் எப்போதும் அம்புக்கு முன்னால் மானிடம் போய்ச் சேர்ந்துவிடும். 60 கெஜத் தூரத்தில் நிற்கும் மானுக்கு, 450 அடி வேக அம்பு போய்ச் சேருமுன் கால் நொடி கிடைக்கிறது. துள்ள ஆயத்தமாக உடம்பைத் தாழ்த்த அதற்கு அது போதும், அம்பு முதுகுக்கு மேலே போகும் அல்லது, அதைவிடக் கொடுமையாக, படக்கூடாத இடத்தில் படும். அதே மான் 30 கெஜத்தில் நின்றால், 350 அடி வேகமுள்ள சாதாரண வில்லிலேயே அதற்குக் கிடைக்கும் நேரம் 0.2 நொடிக்கும் குறைவு. பாதித் தூரம் கிட்டே வரும்வரை காத்திருப்பதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. இத்தனை வருடம் கைவில் பிடித்த உங்களுக்குக் காத்திருக்கவா தெரியாது?

நீங்கள் பார்க்க வேண்டியது நாணேற்றுவதை. கிராஸ்போவில் குறி பார்க்கும் நேரத்தில் இழுத்துப் பிடிக்க வேண்டாம்தான், ஆனால் முதலில் ஒருமுறை இழுத்து மாட்டியே ஆகவேண்டும். 150 முதல் 200 பவுண்டு இழுவிசை இருக்கும். கடையில் கூடவே தரும் நாணேற்றும் கயிறு அதைப் பாதியாக்கும். பாதி என்றாலும் 80, 90 பவுண்டு. 50 பவுண்டே முடியாத தோளுக்கு அது எப்படி? ஆகவே கைப்பிடியைச் சுற்றி நாணேற்றும் கிராங்க் வேண்டும். பல மலிவான பேக்கேஜில் ஸ்கோப்பும் மூன்று அம்பும் இருக்கும், கிராங்க் இருக்காது. பிறகு தனியாக வாங்கினால் நூறு டாலருக்கு மேல் போகும், எல்லா மாடலுக்கும் பொருந்தவும் பொருந்தாது. உள்ளேயே கிராங்க் வைத்த வில்கள் ஆயிரம் டாலரை ஒட்டிக் கிடைக்கின்றன.

அப்புறம், நாணை இறக்குவது. இதைக் கடையில் யாரும் கேட்பதில்லை. மாலைவரை மான் வரவில்லை என்றால் ஏற்றிய நாணை என்ன செய்வது? பல வில்களில் ஒரு பழைய அம்பைத் தரையிலோ இலக்கிலோ எய்துதான் இறக்க வேண்டும். அம்பு இல்லாமல் மட்டும் விசையைத் தட்டிவிடாதீர்கள், வில்லின் கைகளே உடைந்து சிதறலாம். சில கிராங்க் வில்களில் சுற்றியே பின்னுக்கு இறக்கிவிடலாம். கடைக்காரரை விட்டு அல்ல, நீங்களே ஒருமுறை ஏற்றி, இறக்கிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். இருட்டில், குளிரில், கையுறையோடு செய்யப்போவது நீங்கள்தானே. காரில் ஏறும்போதும் நாண் இறங்கியிருக்கட்டும்.

எடையும் ஏழெட்டு பவுண்டு வரும், ஒரு தாங்குகோல் வாங்கிக்கொள்ளுங்கள். முன்கைக் கட்டைவிரல் நாண் ஓடும் தண்டவாளத்துக்கு மேலே வரவே கூடாது. கைவில்லில் பழகியவர்களுக்கு இது மறந்துபோகும், நாண் விரலைக் கொண்டுபோய்விடும். மரத்தில் ஏறி உட்காரும் வழக்கத்தை விட்டுத் தரைக் கூடாரத்துக்கு மாறுங்கள் என்றும் சொல்வேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். மாட்டேன் என்றால் உடம்பு முழுதும் கட்டும் பாதுகாப்புப் பட்டை இல்லாமல் ஏறாதீர்கள். நவம்பரில் துப்பாக்கிப் பருவம் நடக்கும் நாட்களில் வில்காரரும் பளிச்சென்ற ஆரஞ்சு அணிய வேண்டும். இளஞ்சிவப்பும் 2016 முதல் செல்லும்!

கேள்வி: அப்பாவுக்குப் பரிசாகக் கொடுக்க, ஒருவர் பயன்படுத்திய கிராஸ்போவை 250 டாலருக்கு இணையத்தில் பார்த்தேன். மூன்று வருடப் பழசாம். நம்பலாமா?

பதில்: நேரில் பார்க்காமல் வேண்டாம். ஒரு பஞ்சு உருண்டையை வில்லின் இரண்டு கைகளிலும் மெதுவாக ஓட்டுங்கள். எங்காவது நூல் சிக்கினால் அங்கே விரிசல், விட்டுவிடுங்கள். நாண் பஞ்சுபோல் பிரிந்திருந்தால் மாற்ற வேண்டும், காம்பவுண்ட் வகையில் அதைக் கடையில் பிரஸ் என்ற அழுத்தும் கருவியில் போட்டுத்தான் மாற்றுவார்கள், செலவு உண்டு. பெரும்பாலும் முதலில் வாங்கியவருக்குத்தான் வாரண்டி. மாடல் எண்ணை அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் திரும்பப் பெறும் பட்டியலில் தேடுங்கள். அம்பின் வால்பகுதி அந்தக் கம்பெனி சொல்லும் வகையா என்றும் பாருங்கள். தவறான வால் நாணை விட்டு நழுவினால் அம்பு இல்லாமல் எய்ததற்குச் சமம். விஸ்கான்சின் என்றால் குறைந்தது 100 பவுண்டு இழுவிசை, 14 அங்குல அம்பு, வேலை செய்யும் சேஃப்டி மூன்றும் கட்டாயம். கைத்துப்பாக்கி மாதிரி இருக்கும் சின்ன கிராஸ்போக்கள் இதில் அடிபட்டுப் போகும்.

கேள்வி: விஸ்கான்சினில் வாங்கிய கிராஸ்போவை அயோவாவில் குடியிருக்கும் 68 வயது மாமாவிடம் கொடுத்தால் அவரும் பயன்படுத்தலாமா?

பதில்: கொடுக்கலாம். ஆனால் அயோவாவில் 65 தாண்டிய குடியிருப்பாளர்களுக்கான தனி கிராஸ்போ லைசென்ஸில் கொம்பில்லாத மானை மட்டுமே அடிக்கலாம். பெரிய கொம்புக் கனவோடு மாமா இருந்தால் கொடுப்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.