அன்றாட அப்பமும் கிழமைக் கட்டுக்காசும்: வாசகர் கேள்வி பதில்

வன்னிப் பக்கமிருந்து இம்முறை வந்த கடிதங்கள் பலவற்றில் ஒரே தவிப்பு இருந்தது. கடவுளில் தங்கி வாழ் என்று பிரசங்கத்தில் கேட்கிறோம், விடிந்தால் என்ன செய்வது? பங்குப் பணியிலும் கடன், குடும்ப ஆலோசனையிலும் இருப்பவர்கள் சேர்ந்து இந்தப் பதில்களை எழுதியிருக்கிறோம். கேட்டவர்களின் பெயர்களைப் போடவில்லை.

ஐந்தரைக்கு ஆடைத் தொழிற்சாலை பஸ் வந்துவிடும். நாலு மணிக்கு எழும்பிச் சமைத்து, பிள்ளைகளுக்குச் சாப்பாடு கட்டி வைத்துவிட்டு ஓடுகிறேன். பஸ்ஸில் செபமாலையைத் தொடங்கினால் இரண்டாம் பத்துக்குள் நித்திரையாகிவிடுகிறேன். கடவுளை நம்பி வாழ்கிறவள் என்று சொல்லவே வெட்கமாக இருக்கிறது. (கிளிநொச்சி)

வெட்கப்பட ஒன்றுமில்லை, தங்கச்சி. களைத்துப்போய்ச் சூரைச்செடிக்குக் கீழே படுத்த இறைவாக்கினர் எலியாவை வானதூதர் ஏசவில்லை. எழுப்பிச் சாப்பிட வைத்தார், திரும்பவும் படுக்க விட்டார், பிறகு இரண்டாம் முறையும் எழுப்பிச் சாப்பிட வைத்தார் (1 அரசர் 19). பஸ்ஸில் வரும் நித்திரை உங்கள் உடம்புக்குத் தேவையானது. அதை விட்டுவிடுங்கள்.

செபத்துக்கு வேறு இடம் பார்ப்போம். தேத்தண்ணிக்குக் கேத்தில் வைத்தால் கொதிக்க ஏழெட்டு நிமிடம் எடுக்கும். அந்த நேரம் வெங்காயம் உரிக்காமல் இருந்துவிடுங்கள். முதலில் பத்து மூச்சு அமைதி. பிறகு ‘விண்ணகத்தில் இருக்கிற’ செபத்தை வரி வரியாக, ஒவ்வொரு வரிக்கும் ஒரு மூச்சு விட்டுச் சொல்லுங்கள். அதன் பிறகு நற்செய்தியில் பத்து வசனம். மாற்குவில் தொடங்குங்கள். 16 அதிகாரம்தான், நாளுக்குப் பத்து வசனம் என்றால் இரண்டரை மாதத்துக்குள் முடிந்துவிடும்.

கடைசியாக ஒரு பழைய பள்ளிக் கொப்பி. பக்கத்தின் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் ‘இன்று என் கையில்’, வலப்பக்கம் ‘ஆண்டவர் கையில்’ என்று எழுதுங்கள். சின்னவனுக்குக் காய்ச்சல் என்றால், அம்மம்மாவிடம் பனடோல் கொடுத்து எத்தனை மணிக்கு என்று சொல்லிவிடுவது இடப்பக்கம். காய்ச்சல் இறங்குவது வலப்பக்கம். சூப்பர்வைசரிடம் அரைநாள் லீவு கேட்பது இடப்பக்கம், அவர் சம்மதிப்பது வலப்பக்கம். இரவில் கொப்பியைத் திறந்து, இடப்பக்கத்தில் முடித்ததை வெட்டுங்கள். வலப்பக்கத்தை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிக் கொப்பியை மூடுங்கள்.

இந்த முறை பிழைப்பது பெரும்பாலும் மூன்று வழிகளில். இடப்பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு வேலை எழுதுவது ஒன்று. மூன்றுக்கு மேல் வேண்டாம். ‘குடும்பம் நல்லாயிருக்க வேணும்’ என்று வலப்பக்கத்தில் பொதுவாக எழுதுவது இன்னொன்று. அப்படி எழுதினால் எதை ஒப்படைத்தோம் என்று நமக்கே தெரியாது. ஒரு நாள் தவறினால் அடுத்த நாள் இரட்டிப்பாகச் செய்ய முயல்வது மூன்றாவது. பாலைநிலத்தில் கடவுள் உணவாகத் தந்த மன்னாவை ஆளுக்கு ஓர் ஓமர்தான் பொறுக்கச் சொன்னார் மோசே. ஏறக்குறைய 2 லீற்றர், நம் சுண்டுக் கணக்கில் ஏழு சுண்டு வரும். மறுநாளைக்கென்று பதுக்கியது புழுத்துப்போனது (விடுதலைப் பயணம் 16). ஓய்வுநாளுக்கு முந்திய நாள் மட்டுமே இரட்டிப்பு. தவறிய நாளை விட்டுவிட்டு இன்றையதைச் செய்யுங்கள்.

மூன்று இடத்தில் நுண்கடன். ஒன்றைக் கட்ட இன்னொன்று எடுத்தேன். கிழமையில் நாலு நாள் காசு கேட்டு ஆள் வருகிறது. காணிக்கையாக 10,000 ரூபாய் விதைத்தால் கடவுள் பன்மடங்காகத் தந்து கடனைத் தீர்ப்பார் என்று ஓர் ஊழியக்காரர் சொல்கிறார். தோட்டை அடகு வைத்துக் கொடுக்கலாமா? (முல்லைத்தீவு)

கொடுக்க வேண்டாம், அம்மா. தோடு காதிலேயே இருக்கட்டும்.

உங்கள் நிலையில் இருந்த ஒரு பெண்ணின் கதை 2 அரசர் 4இல் இருக்கிறது. கணவன் இல்லை. கடன்காரன் இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாகக் கொண்டுபோக வருகிறான். அவள் இறைவாக்கினர் எலிசாவிடம் அழுகிறாள். அவர் கேட்ட கேள்வி, ‘வீட்டில் உன்னிடம் என்ன இருக்கிறது?’ என்பது. கொஞ்சம் எண்ணெய் இருந்தது. அயலட்டையில் வெறும் பாத்திரங்களைக் கேட்டு வாங்கு, கதவைப் பூட்டிக்கொண்டு ஊற்று என்றார். பாத்திரங்கள் நிறைந்தன. அந்த எண்ணெயை விற்றுக் கடனைத் தீர், மிச்சத்தில் நீயும் பிள்ளைகளும் வாழுங்கள் என்றார். எலிசா தனக்கென்று ஒரு கிண்ணம் எண்ணெய்கூடக் கேட்டதாக வேதத்தில் இல்லை. கடனில் மூழ்கியவளிடம் முதலில் எனக்குத் தா என்று கேட்கிறவர் எலிசாவின் வழியில் வந்தவரல்ல.

இனி உங்கள் வீட்டுக்கு வருவோம். ஒரு தாளில் ஒவ்வொரு கடனுக்கும் ஆறு விடயம் எழுதுங்கள்: எடுத்த தொகை, கிழமைக் கட்டுக்காசு, மிச்சக் கிழமைகள், தவணை தவறினால் போடும் தண்டம், உங்களுக்குப் பிணை நின்றவர்கள், நீங்கள் பிணை நிற்பவர்கள். பிறகு வட்டியைப் பாருங்கள். 50,000 எடுத்து 52 கிழமைக்கு 1,200 படி கட்டினால் மொத்தம் 62,400. ‘வட்டி 25 வீதத்துக்கும் குறைவுதான்’ என்பார்கள். ஆனால் ஒவ்வொரு கிழமையும் முதலும் குறைந்துகொண்டே போகிறது. கடைசிக் கிழமையில் உங்கள் கையில் அந்த 50,000 இல்லை. குறையும் மிச்சத்துக்குக் கணக்குப் பார்த்தால் ஆண்டு வட்டி 45 வீதம் அளவில் வரும். கடன் கரையாததற்குக் காரணம் உங்கள் விசுவாசக் குறைவு இல்லை, இந்தக் கணக்கு.

புதுக் கடன் எடுப்பதை இன்றே நிறுத்துங்கள். கட்டுக்காசு கட்ட எடுக்கும் கடன் முதலையும் தீர்க்காது, வருமானத்தையும் தராது. வட்டியும் தண்டமும் கூடியதை முதலில் முடிக்கப் பாருங்கள். மற்றவற்றுக்கு உரிய இடங்களுக்கு நேரே போய், தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சு அடுத்த கிழமை வரும் ஆளுக்குத் தெரியாமல் போகும். தனியே போகாமல் பங்கிலோ சபையிலோ நம்பிக்கையான ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். கட்டிய ஒவ்வொரு துண்டையும் திகதிப்படி ஒரு கொப்பியில் ஒட்டி வையுங்கள். குழுவில் உங்களுக்குப் பிணை நிற்கும் பெண்களிடம் உண்மை நிலையை முன்கூட்டியே சொல்லுங்கள். நீங்கள் கட்டாவிட்டால் சுமை அவர்கள் தலையில் விழும். ஒளித்திருந்தால் உறவும் முறியும்.

வெறும் பாத்திரம் கேட்பது அந்த விதவைக்கும் வெட்கமாகத்தான் இருந்திருக்கும். வன்னியில் அயலுக்குத் தெரிந்துவிடும் என்ற பயத்திலேயே எத்தனையோ பெண்கள் தனியே நொந்துபோகிறார்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் எப்போதாவது வந்தால் அந்த நாளே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அருட்சகோதரியோ, குடும்பநல உத்தியோகத்தரோ, ஆஸ்பத்திரியோ, யாராயிருந்தாலும் சரி. எந்தக் கட்டுக்காசும் உங்கள் உயிருக்கு ஈடில்லை.

காணிக்கையைப் பற்றி ஒரு சொல். கடன் தீரும்வரை உங்கள் காணிக்கை சிரமதானமாக இருக்கட்டும், ஒரு கைப்பிடி அரிசியாக இருக்கட்டும். ஏழைக் கைம்பெண்ணின் இரண்டு காசை மெச்சியவர், கைம்பெண்களின் வீடுகளை விழுங்குகிறவர்களை அதற்கு முந்திய வசனங்களிலேயே கண்டித்திருக்கிறார் (மாற்கு 12). இரண்டையும் சேர்த்து வாசியுங்கள்.

அம்மா சீனி வருத்தத்துக்கு இன்சுலின் போடுகிறவர். செபித்த பிறகும் ஊசி போட்டால் விசுவாசம் இல்லை என்கிறார்கள். நிறுத்தலாமா? (வவுனியா)

நிறுத்தக் கூடாது. இன்சுலினைத் திடீரென்று விட்டால் சீனி ஏறி, சத்தி, வயிற்றுநோ, வேகமான மூச்சு, மயக்கம் என்று சில நாட்களுக்குள்ளேயே உயிருக்கு ஆபத்தாகலாம். அப்படிக் கண்டால் உடனே ஆஸ்பத்திரி. எசேக்கியா அரசன் அழுது செபித்தார், கடவுளும் கேட்டார். அதன் பிறகுதான் கட்டியில் அத்திப்பழ அடையை வைத்துக் கட்டச் சொன்னார் எசாயா (2 அரசர் 20). சுகமாகிவிட்டது என்று நம்பினால் கிளினிக்கில் இரத்தம் சோதிக்கட்டும். தொழுநோயாளர் பத்துப் பேரையும் ஆண்டவர் குருக்களிடம் போய்க் காட்டச் சொன்னார். குறைப்பதையும் கூட்டுவதையும் வைத்தியர் சொல்லட்டும், சாட்சி அதற்குப் பிறகு. உபவாசமும் அவரைக் கேட்காமல் வேண்டாம். ஊசி போட்டுவிட்டுப் பட்டினி கிடந்தால் சீனி இறங்கி வியர்க்கும், நடுங்கும். அந்நேரம் சீனித்தண்ணி கொடுக்க வேண்டும்.

மூன்று ஏக்கரில் காலபோக நெல். அறக்கொட்டியான் பூச்சி வந்தால் மருந்து அடிப்பதும், காப்புறுதி போடுவதும் கடவுளை நம்பாத வேலையா? (இரணைமடுக் குளத்தின் கீழ் கமம் செய்பவர்)

நெகேமியா 4ஆம் அதிகாரத்தை வாசியுங்கள், அண்ணை. எதிரி வருகிறான் என்று கேள்விப்பட்டதும் எருசலேம் மதிலைக் கட்டியவர்கள் கடவுளிடம் மன்றாடினார்கள், இரவும் பகலும் காவலும் வைத்தார்கள். இரண்டும் ஒரே வசனத்தில் இருக்கின்றன.

வயலில் ‘என் கையில்’ என்பது நிறைய. அறக்கொட்டியான் பயிரின் அடியில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே இருந்து சாற்றை உறிஞ்சும். வரம்பில் நின்று பார்த்தால் தெரியாது. கிழமைக்கு ஒருமுறை உள்ளே இறங்கிப் பயிரை விரித்துப் பாருங்கள். அடர்த்தியாக விதைத்து, யூரியாவைக் கூடப் போட்ட வயலில்தான் அது பெருகும். ஏக்கருக்கு இரண்டு புசல் விதை போதும், யூரியாவைப் பிரித்துப் போடுங்கள். கண்டால் முதலில் சில நாட்கள் தண்ணீரை வடித்து அடியைக் காய விடுங்கள். பூச்சியைக் காணமுன்னே பயத்தில் மருந்து அடித்தால், அதைத் தின்னும் சிலந்திகள் முதலில் சாகும், பிறகு அறக்கொட்டியான் முன்னையைவிடக் கூடும். பயத்தில் செய்யும் வேலை பல நேரம் இப்படித்தான் முடிகிறது. எந்த மருந்து, எவ்வளவு என்பதை விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள்.

காப்புறுதிக்கு யோசேப்பே சாட்சி. நல்ல ஏழு வருடமும் விளைச்சலில் ஐந்தில் ஒன்றைச் சேர்த்து வைக்கச் சொன்னார் (தொடக்கநூல் 41). பத்து மூடை வந்தால் இரண்டு மூடையை விற்காமல் வையுங்கள். ஒன்று விதைக்கு, மற்றது பஞ்சத்துக்கு. நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், கடித்தால் ‘டக்’ என்று உடைய வேண்டும். ஈரத்தோடு கட்டினால் பூஞ்சணம் பிடிக்கும், முளைதிறனும் போய்விடும். பயிர் அழிந்தால் வெள்ளம் வடியமுன் படம் எடுத்து, கமநல சேவை நிலையத்துக்குத் தாமதியாமல் அறிவியுங்கள்.

2018 டிசம்பர் வெள்ளம் போல ஒன்று வந்தால் எந்த வரம்பும் தாங்காது. அது வலப்பக்கம். விதைக்கும் நாளிலேயே, முளைக்கமுன், அந்த வயலை மனதார ஒப்படைத்துவிடுங்கள். விளைந்தால் புதிர் நெல்லைக் கோயிலுக்குக் கொண்டுவருவீர்கள்தானே. விளையாத வருடமும் வெறுங்கையோடு வாருங்கள்.

ஆவணித் திருநாளுக்கு மடு மாதா கோயிலுக்கு நடந்து வருவதாக நேர்த்தி வைத்தேன். இப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. போகாவிட்டால் மாதா கோபிப்பாவா? (மாங்குளம்)

கோபிக்கமாட்டா. நடந்து போகாதீர்கள், ஆகஸ்ட் வெயில் உங்களுக்கு ஆகாது. தனிப்பட்ட நேர்த்தியிலிருந்து, தகுந்த காரணம் இருந்தால், பங்குத்தந்தை உங்களை விடுவிக்கலாம். அதற்குச் சமமான அல்லது மேலான ஒன்றாக நீங்களே மாற்றவும் திருச்சபைச் சட்டம் இடம் கொடுக்கிறது. சுவாமியிடம் ஒரு சொல் சொல்லிவிடுங்கள். பிள்ளை பிறந்த பிறகு, ஆடி 2ஆம் திகதித் திருநாளுக்கோ சனமில்லாத ஒரு நாளிலோ பஸ்ஸில் போய் வரலாம்.

2009இல் காணாமல் போன மகனுக்கு நான் எந்தச் செபத்தைச் சொல்வது? உயிரோடு இருப்பவனுக்கா, இறந்தவனுக்கா? (புதுக்குடியிருப்பு)

அம்மா, இரண்டில் ஒன்றைத் தெரிந்துகொண்டுதான் செபிக்க வேண்டும் என்றில்லை. அவனுடைய பெயரைச் சொல்லுங்கள். ‘ஆண்டவரே, அவன் எங்கே இருக்கிறான் என்று உமக்குத் தெரியும், அவனைப் பாரும்’ என்பது முழுமையான செபம். பூசைக்குக் கருத்துக் கொடுக்கும்போதும் ‘இறைவனின் கரத்தில் இருக்கும் என் மகனுக்காக’ என்று எழுதிக் கொடுக்கலாம். எந்தச் சுவாமியும் மறுக்கமாட்டார்.

அழவும் கேட்கவும் உங்களுக்கு உரிமை இருக்கிறது. ‘இன்னும் எவ்வளவு காலம்’ என்று நான்கு தரம் கேட்கிறது 13ஆம் திருப்பாடல். 88ஆவது இருளிலேயே முடிகிறது, கடைசியில் ஒரு ஆறுதல் வரிகூட இல்லை. அதையும் செபமாகவே வேதத்தில் வைத்திருக்கிறார்கள். யாக்கோபு மகனுக்காக ஆறுதல் கொள்ள மறுத்தார். அவரை ஒருவரும் விசுவாசமில்லாதவர் என்று சொல்லவில்லை. ‘மறந்துவிட்டு ஆண்டவரில் மகிழுங்கள்’ என்று யாரும் சொன்னால் நீங்கள் பதில் சொல்லத் தேவையில்லை. நீதி கேட்டு நடுவனிடம் திரும்பத் திரும்பப் போன கைம்பெண்ணைத்தான் செபத்துக்கு உதாரணமாகக் காட்டினார் இயேசு (லூக்கா 18). 2017 மாசியிலிருந்து காணாமல் போன பிள்ளைகளைக் கேட்டுக் கிளிநொச்சியில் தெருவோரம் இருந்த தாய்மாரை அந்த உவமையோடு சேர்த்துப் பார்க்காமல் எங்களால் வாசிக்க முடியவில்லை.

ஒன்றில் மட்டும் கவனம். ‘தரிசனத்தில் கண்டேன், உயிரோடு இருக்கிறான்’ என்று சொல்லிக் காசு கேட்பவர்களிடம் படத்தையும் கொடுக்காதீர்கள், காசையும் கொடுக்காதீர்கள்.

உங்கள் கையில் இருப்பது கடதாசிகள். பிறப்புச் சான்றிதழ், கடைசியாக எடுத்த படம், அடையாள அட்டைப் பிரதி, இதுவரை கொடுத்த முறைப்பாடுகளின் துண்டுகள், கடைசியாகக் கண்ட இடமும் நாளும், அப்போது கூட நின்றவர்களின் பெயர்கள். ஞாபகம் மங்கமுன் உங்கள் வாயால் சொல்ல, பேரப்பிள்ளை ஒன்று எழுதட்டும். எல்லாவற்றிலும் இரண்டு பிரதி எடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஒன்றை வேறொரு வீட்டில் வையுங்கள். மழைக்கு ஒழுகும் கூரைக்குக் கீழே வைக்க வேண்டாம்.