காரணம் என்ற கட்டம்

அன்புள்ள அண்ணாவுக்கு,

சமூகவியலில் பட்டம் முடித்து, அரச நியமனத்துக்குக் காத்திருக்கிறேன். இங்கே பல்கலைக்கழகத்தில் தற்கொலையும் மனநலமும் பற்றிய பண்புசார் ஆய்வொன்றுக்கு ஆய்வு உதவியாளர் எடுக்கிறார்கள். இரண்டு வருட ஒப்பந்தம். இழப்பு நடந்த வீடுகளுக்குப் போய், கதைத்து, ஒலிப்பதிவு செய்து எழுத்தாக்க வேண்டும். "செத்தவீட்டுக் கதையளை வீட்டுக்குள்ள கொண்டுவராதை, கலியாணம் பேசுற நேரம்" என்கிறா அம்மா. புள்ளிவிவரவியல் படித்த நண்பன், "முப்பது பேரோட கதைச்சு என்னத்தைக் கண்டுபிடிக்கப் போறீர்? அது கதை கேட்கிறது, ஆய்வில்லை" என்கிறான். எனக்கோ அந்த வீடுகளுக்குள் எப்படிக் கால் வைப்பது என்ற பயம்தான் பெரிது. போகலாமா?

ஒரு வாசகி,
கோண்டாவில்

அன்புள்ள தங்கைக்கு,

போகலாம். உங்களை எடுக்கிறவர்களிடம் சில கேள்விகளைக் கேட்டுவிட்டுப் போங்கள். அதற்கு முன் உங்கள் நண்பரின் விஷயம்.

எண்ணிக்கையை நான் குறைத்துப் பேசமாட்டேன். 1995இல் இலங்கையில் ஒரு லட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். உலகின் மிக உயர்ந்த விகிதங்களில் அதுவும் ஒன்று. அடுத்த பத்து வருடங்களில் அது பாதியாகியது. கொடிய பீடைகொல்லிகளின் இறக்குமதியை அரசு தடுத்தது அதற்குப் பெரிய காரணம். கணக்கெடுத்தவர்கள் இல்லாவிட்டால் அதைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

ஆனால் கணக்கு ஓரிடத்தில் வாயடைத்து நிற்கும். வடக்கில் போர் உக்கிரமாக இருந்த வருடங்களில் தற்கொலை குறைந்திருந்ததை மனநல மருத்துவர் தயா சோமசுந்தரமும் ராஜதுரையும் 1995இல் எழுதினார்கள். ஷெல் விழுகிற ஊரில் ஏன் குறைய வேண்டும்? பொது ஆபத்து ஆட்களை நெருக்கிச் சேர்த்ததா? உயிர் தப்புவதே முழுநேர வேலையாகிப் போனதா? அட்டவணையை எத்தனை முறை புரட்டினாலும் இதற்குப் பதில் வராது. பங்கருக்குள் இருந்தவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

பொலிஸ் புள்ளிவிவரத்தில் காரணம் என்று ஒரு கட்டம் உண்டு. காதல், குடும்பத் தகராறு, நோய், கடன் என்று எதையாவது ஒன்றை அதில் போட்டாக வேண்டும். அடுத்த நாள் பேப்பரில், 'கைபேசி வாங்கிக் கொடுக்காததால் மாணவன் விபரீத முடிவு' என்று வரும். ஊர் அதை அப்படியே நம்பிவிடும். அந்தத் தாய் மீதிக் காலம் முழுவதும் ஒரு கைபேசியின் விலையைச் சுமந்துகொண்டு இருப்பா. கடன் என்று போட்ட கட்டத்தைத் திறந்து பார்த்தால், கிழமைக்கு ஒருக்கால் வாசலில் வந்து நிற்கும் நுண்கடன்காரர் இருப்பார், பிணை நின்ற குழுப் பெண்களின் முகம் இருக்கும், கணவனுக்குச் சொல்லாமல் மறைத்த மாதங்கள் இருக்கும். உங்கள் வேலை அந்தக் கட்டத்துக்குள் போவது. முப்பது பேர் போதுமா என்றால், புதிதாக எதுவும் வராமல் கேட்டதே திரும்ப வரத் தொடங்கும் வரைக்கும் போக வேண்டும். அது முப்பதாகவும் இருக்கலாம், நாற்பதாகவும் இருக்கலாம்.

சரி, கால் வைப்பது எப்படி. அந்தியேட்டிக் கிரியை முடிவதற்குள் அந்தப் பக்கம் போகாதீர்கள். முடிந்த பிறகும் சில மாதம் விடுங்கள். வருட நினைவான ஆட்டைத் திவசம் வருகிற வாரத்தையும் தவிர்த்துவிடுங்கள். சம்மதப் படிவத்தை நீட்டியதும் "நிவாரணமோ பிள்ளை?" என்று கேட்பார்கள். இல்லை என்று அந்த இடத்திலேயே தெளிவாகச் சொல்லுங்கள். பதிவு, கையெழுத்து, விசாரணை எல்லாவற்றையும் கண்டு களைத்த சனம் நாங்கள். மேசையில் ஒலிப்பதிவுக் கருவியை வைத்ததும் குரல் இறங்கிவிடும். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டம் 1998இலேயே நீக்கப்பட்டுவிட்டது என்றாலும், பொலிஸ் வருமோ என்ற பயம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது.

உட்கார்ந்ததும் "ஏன்" என்று கேட்காதீர்கள். அது விசாரணை அதிகாரியின் கேள்வி. அந்தக் கிழமை எப்படிப் போனது என்று கேளுங்கள். நான் இடப்பெயர்வுக் கதைகள் கேட்டுத் திரிந்த காலத்தில், ஓர் அம்மா ஒரு மணித்தியாலம் முழுக்கக் கிணற்றுப் பங்குத் தகராறையும் ஆட்டுக்குட்டிகளையும் பற்றியே சொன்னா. பதிவை நிறுத்தி, செருப்பைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்ட பிறகுதான், படலைக் கொழுக்கியில் கை வைத்தபடி, "அவன் அண்டைக்குச் சாப்பிட்டானோ எண்டு நான் கேக்கேல்லத் தம்பி" என்றா. இல்லாமல் போன மகனைப் பற்றி அவ சொன்னது அது ஒன்றுதான். படலையடியில் சொன்னதை எழுதலாமா? அவவிடம் இன்னொருக்கால் கேட்டு, ஓம் என்றால் மட்டும்.

எழுதும்போது பெயரை மாற்றினால் போதாது. குறிச்சியையும் தொழிலையும் வெளிநாட்டில் எத்தனை பிள்ளைகள் என்பதையும் வைத்தே ஊர் ஆளைப் பிடித்துவிடும். ரொறன்ரோவில் இருக்கும் மைத்துனர் அதற்கு முன்பே பிடித்துவிடுவார்.

இனி நீங்கள் கேட்க வேண்டியவை. நெறிமுறைக் குழுவின் அனுமதி கிடைத்துவிட்டதா? கதைத்துக்கொண்டிருக்கும் ஒருவர் தனக்கும் வாழ விருப்பமில்லை என்றால், அன்றைக்கே நான் எடுக்க வேண்டிய தொலைபேசி இலக்கம் யாருடையது, எந்த மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போவது? தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கம் எந்த நேரமும் இருக்கிறது, ஆனால் அவர்களுக்குப் பக்கத்தில் ஒரு பெயர் வேண்டும். "ஒருத்தருக்கும் சொல்லமாட்டேன்" என்ற வாக்கை உயிராபத்தில் காப்பாற்ற முடியாது. அதைத் தொடக்கத்திலேயே அவர்களிடம் சொல்லிவிட வேண்டும்.

செத்தவீட்டுக் கதையை வீட்டுக்குக் கொண்டுவராதே என்று அம்மா சொன்னது ஆய்வு நெறிமுறைக்கும் சரிதான். அம்மாவிடம்கூடச் சொல்லக் கூடாத கதைகள் அவை. ஒரு மணித்தியாலப் பதிவை எழுத்தாக்க ஐந்தாறு மணித்தியாலம் போகும், அழுகை வரும் இடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டியிருக்கும். அதனால் வாரா வாரம் உங்களைக் கேட்க ஒரு மூத்தவர் அந்த ஆய்வுக்குள்ளேயே இருக்க வேண்டும். அது யார் என்று கேளுங்கள். அப்புறம், வாரத்துக்கு எத்தனை வீடு என்றும் கேளுங்கள். "ஏலுமானவரைக்கும் கூட" என்று பதில் வந்தால், நியமனம் வரும்வரை வேறு வேலை பாருங்கள்.