ஆள்காட்டி: சிவப்பு மூக்கா, மஞ்சள் மூக்கா?

கேள்வி (குன்னூர்): அண்ணா, தூரத்தில் நிற்கும் ஆள்காட்டிப் பறவை சிவப்பு மூக்கா, மஞ்சள் மூக்கா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: மூக்கைப் பார்த்து ஏமாறாதீர்கள். மஞ்சள் மூக்கு ஆள்காட்டிக்கு அலகு பெரும்பாலும் கறுப்புதான். மஞ்சளாகத் தெரிவது கண்ணுக்கு முன்னால் தொங்கும் சதை. காலோ இரண்டுக்கும் மஞ்சள். வெள்ளை எங்கே போகிறது என்று பாருங்கள். சிவப்பு மூக்குக்குத் தலை, தொண்டை, நெஞ்சு எல்லாம் கறுப்பு. கண்ணுக்குப் பின்னால் தொடங்கும் வெள்ளைப் பட்டை கழுத்தோரமாக இறங்கி வயிற்றோடு சேரும். மஞ்சள் மூக்குக்கு உச்சந்தலையில் கறுப்புத் தொப்பி. அதன் விளிம்பில் ஓடும் மெல்லிய வெள்ளைக் கோடு பிடரியோடு நின்றுவிடும். நெஞ்சு மண் நிறம். அது வயிற்று வெள்ளையைத் தொடும் இடத்தில் ஒரு கறுப்புக் கோடு. ஆளும் கொஞ்சம் சின்னது.

கேள்வி (ஊட்டி): இங்கே மஞ்சள் மூக்கு கண்ணிலேயே படவில்லையே?

பதில்: அதற்கு ஈரமும் குளிரும் ஆகாது. கல்லும் காய்ந்த புல்லுமாகக் கிடக்கும் வெட்டவெளி வேண்டும். கல்லட்டி வழியாக இறங்கி மசினகுடிப் பக்கம் தேடுங்கள். யானை நடமாடும் இடம், வண்டியை விட்டு இறங்க வேண்டாம். சிவப்பு மூக்குக்கோ, அருகிலேயே தண்ணீர் உள்ள இடம் வேண்டும்.

கேள்வி (கூடலூர்): நான் எடுத்த படத்தில் கழுத்தோரம் வெள்ளைப் பட்டை இருக்கிறது, ஆனால் தொண்டையும் வெளுத்திருக்கிறது. இரண்டும் கலந்ததா சார்?

பதில்: கலப்பெல்லாம் இல்லை. சிவப்பு மூக்கின் இளசு. சதையும் இன்னும் சரியாக வளர்ந்திருக்காது.

கேள்வி (கோத்தகிரி): மல்லாந்து காலைத் தூக்கிக்கொண்டு தூங்குமாமே, பாட்டி சொல்வார்?

பதில்: தூங்காது. பாட்டியிடம் நான் சொன்னதாகச் சொல்லாதீர்கள்.

கேள்வி (மசினகுடி): உழ வேண்டிய நிலத்தில் நான்கு முட்டை கிடக்கிறது, மஞ்சள் மூக்கு. வந்து உட்காரும் பறவையின் வயிறு நனைந்திருக்கிறது. ஏன்?

பதில்: வெயிலில் முட்டை வெந்துவிடாமல் இருக்க, வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வந்து அடை உட்காரும். சிவப்பு மூக்கும் இப்படிச் செய்வதுண்டு. கூடு என்று தனியாக எதுவும் கட்டாது. லேசான குழி, ஓரத்தில் சில பொடிக்கல், அவ்வளவுதான். முட்டையும் மண் நிறத்தில் புள்ளியோடு இருப்பதால் டிராக்டர்காரர் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. நாலைந்து அடி தள்ளிச் சுற்றிலும் குச்சி நட்டு, அந்தத் துண்டை மட்டும் விட்டுவிட்டு உழச் சொல்லுங்கள். பொரிக்க ஏறக்குறைய நான்கு வாரம் ஆகும். பொரித்த குஞ்சு சீக்கிரமே எழுந்து நடந்துவிடும், அப்புறம் மிச்சத்தை உழலாம். நீங்கள் பக்கத்தில் நிற்கும் வரை பறவை அடைக்கு வராது; குச்சி நட்டதும் நகர்ந்துவிடுங்கள். நாய் இருந்தால் கட்டிப் போடுங்கள்.