கோடை ஆய்வுப் பயிற்சி: ஜீனோமிக்ஸ் மாணவர்களின் கேள்விகளும் பதில்களும்

பி.எஸ்சி. பயோடெக்னாலஜி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அடுத்த கோடையில் ஜீனோமிக்ஸ் லேபில் பயிற்சி எடுக்க எங்கே, எப்போது விண்ணப்பிக்க வேண்டும்? (திருநெல்வேலி)

இப்போதே. ஏப்ரலில் தேடினால் பெரிய திட்டங்கள் எல்லாம் ஆளெடுத்து முடித்திருக்கும். இந்தியாவின் மூன்று அறிவியல் அகாடமிகளும் (பெங்களூரு, டெல்லி, பிரயாக்ராஜ்) சேர்ந்து நடத்தும் கோடை ஆய்வு நிதிநல்கைக்கு முந்தைய ஆண்டின் இறுதி மாதங்களிலேயே விண்ணப்பம் வாங்கிவிடுகிறார்கள். இரண்டு மாதப் பயிற்சி. மாத உதவித்தொகையும் ரயில் கட்டணமும் உண்டு. பெங்களூரு ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆராய்ச்சி மையத்துக்கும் இதேபோல் தனித் திட்டம் இருக்கிறது. ஐஐடி மெட்ராஸின் கோடைத் திட்டத்தில் பயோடெக்னாலஜி துறையும் சேர்த்தி.

ஜீனோமிக்ஸ்தான் (ஓர் உயிரின் முழு டி.என்.ஏ. தொகுதியான ஜீனோமைப் படிக்கும் துறை) வேண்டும் என்றால் ஹைதராபாத் சிசிஎம்பி, சிடிஎஃப்டி, டெல்லி ஐஜிஐபி, மேற்கு வங்கம் கல்யாணியில் உள்ள என்ஐபிஎம்ஜி ஆகிய அரசு ஆய்வு நிறுவனங்களின் அறிவிப்புகளைத் தொடர்ந்து பாருங்கள். 1,029 இந்தியர்களின் முழு ஜீனோமை வெளியிட்ட இண்டிஜென் திட்டம் ஐஜிஐபியில் நடந்தது.

பலர் கோட்டைவிடுவது தேதியில். இணைப்புக் கல்லூரிகளில் செமஸ்டர் தேர்வும் வைவாவும் மே மாதம் வரை இழுக்கும். பயிற்சியோ மே முதல் வாரமே தொடங்கலாம். கல்லூரித் தேர்வுப் பிரிவில் தேதியை உறுதிசெய்துகொண்டு, போனஃபைடு சான்றிதழையும் என்.ஓ.சி.யையும் முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

நாற்பது பேராசிரியர்களுக்கு மெயில் அனுப்பினேன். ஒருவர்கூடப் பதில் போடவில்லை. (சேலம்)

நாற்பது பேருக்கும் ஒரே மெயில் போனால், முதல் வரியிலேயே அது தெரிந்துவிடும். "தங்கள் ஆராய்ச்சி என்னை மிகவும் கவர்ந்தது" என்ற வாக்கியத்தை யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம் என்பதால் அதற்கு மதிப்பில்லை. அந்த லேபின் அண்மைக் கட்டுரை ஒன்றை முழுதாகப் படித்துவிட்டு, "மூன்றாவது படத்தில் நோயாளிகள் குழுவைவிட, ஒப்பிடுவதற்கான நோயற்ற கட்டுப்பாட்டுக் குழு சிறியதாக இருக்கிறது, அதை எப்படிக் கணக்கில் எடுத்தீர்கள்?" என்று கேளுங்கள். இப்படிக் கேட்பவருக்குப் பதில் வர வாய்ப்பு அதிகம்.

மெயில் 150 சொல்லுக்குள் இருக்கட்டும். யார், எந்தக் கல்லூரி, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை வர முடியும், உதவித்தொகை சொந்தமாக இருக்கிறதா, உங்களுக்கு என்ன செய்யத் தெரியும்: இவ்வளவு போதும். ஒரு பக்க சி.வி.யையும் மதிப்பெண் பட்டியலையும் ஒரே பிடிஎஃப் ஆக இணையுங்கள். பெண் பேராசிரியருக்கு "ரெஸ்பெக்டட் சார்" என்று போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இது அடிக்கடி நடக்கிறது. பத்து நாள் கழித்து ஒரு நினைவூட்டல், அதோடு விடுங்கள். புதிதாக லேப் தொடங்கியவர்களுக்கு ஆள் தேவை அதிகம். பெரிய பெயர்களின் பின்னாலேயே எல்லோரும் ஓடுவதால் அவர்களை யாரும் கண்டுகொள்வதில்லை.

கோடிங் தெரியாமல் ஜீனோமிக்ஸில் நுழையலாமா? என் லேப்டாப்பில் 8 ஜிபி ரேம்தான் இருக்கிறது. (மதுரை)

நுழையலாம், ஆனால் நிலைக்க முடியாது. லினக்ஸ் கமாண்ட் லைனும் (கட்டளைகளைத் தட்டச்சு செய்து கணினியை இயக்குவது) ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழியும் முதலில்; பைத்தான் பிறகு வரட்டும். விண்டோஸில் டபிள்யூஎஸ்எல் போட்டால் லினக்ஸ் வந்துவிடும். மென்பொருள்களை பயோகோண்டா என்ற உயிரியல் மென்பொருள் தொகுப்பு வழியாக நிறுவுங்கள். எல்லாவற்றையும் ஒரே 'பேஸ்' சூழலில் (தொடக்கத்தில் தானாகக் கிடைக்கும் இடம்) கொட்டினால் ஒன்று மற்றொன்றை உடைக்கும். ஒவ்வொரு வேலைக்கும் தனிச் சூழல் வையுங்கள்.

மனித ஜீனோமில் ஆரம்பிக்காதீர்கள். ஒருவரின் ஜீனோமை 30 மடங்கு ஆழத்தில் (டி.என்.ஏ.வின் ஒவ்வோர் எழுத்தையும் சராசரியாக 30 முறை) படித்தால், படித்த துண்டுகள் இருக்கும் சுருக்கிய ஃபாஸ்ட்க்யூ கோப்புகளே 50 ஜிபியைத் தாண்டும். ஸ்டார் என்ற மென்பொருள் மனித ஜீனோமில் ஆர்.என்.ஏ. துண்டுகளைப் பொருத்த ஏறக்குறைய 30 ஜிபி ரேம் கேட்கும். உங்கள் கணினிக்கு ஈஸ்ட் சரியான துணை: மொத்தம் 1.2 கோடி எழுத்துதான். பெரிய வேலை வந்தால், இணையத்திலேயே பகுப்பாய்வு செய்ய உதவும் கேலக்ஸி தளத்தில் இலவசக் கணக்கு தொடங்குங்கள். 250 ஜிபி இடம் தருகிறார்கள்.

ஃபாஸ்ட்க்யூவில் ஒரு துண்டுக்கு நான்கு வரி: பெயர், எழுத்துகள், கூட்டல் குறி, தரக்குறிகள். மொத்த வரிகளை நான்கால் வகுத்தால் முழு எண் வர வேண்டும். வராவிட்டால் பதிவிறக்கம் பாதியில் அறுந்திருக்கிறது. தரம் 30 என்றால் ஆயிரம் எழுத்தில் ஒன்று தவறாகலாம். 20 என்றால் நூறில் ஒன்று.

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் குரோமோசோம் பெயர். ஒரு கோப்பில் 'சிஎச்ஆர்1' என்றும், இன்னொன்றில் வெறும் '1' என்றும் இருக்கும். பல மென்பொருள்கள் இதற்காக நின்றுவிடாது. அமைதியாக ஓடி முடித்து, எல்லா மரபணுவுக்கும் பூஜ்யம் என்று அட்டவணை தரும். அதேபோல் மனித ஜீனோமின் பழைய எச்ஜி19 வரைவின் இட எண்களைப் புதிய எச்ஜி38-இல் தேடினால் வேறு இடத்தில் போய் நிற்பீர்கள்.

மரபணுக்களின் செயல்பாட்டு வித்தியாசத்தைக் கண்டறியும் டெசெக்2 மென்பொருளுக்கு டிபிஎம் போன்ற சீராக்கிய எண்களைக் கொடுப்பதும் பழைய வியாதி. எண்ணிக்கையின் அளவை வைத்துத்தான் அது ஏற்ற இறக்கத்தைக் கணிக்கிறது. சீராக்கினால் அந்தத் தகவல் போய்விடும். மூல எண்ணிக்கையை (ஒவ்வொரு மரபணுவிலும் பொருந்திய துண்டுகள் எத்தனை என்பதை) அப்படியே கொடுங்கள்.

எட்டு வாரத்தில் முடியக்கூடிய ஆய்வு எது? கைடு "நீயே ஒன்று சொல்" என்கிறார். (கோயம்புத்தூர்)

சாம்பிள் சேகரிப்பை நம்பும் எதையும் சொல்லாதீர்கள். மனித சாம்பிள் என்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதிக்கே கோடை போய்விடும். பொதுவெளியில் உள்ள டேட்டாவை எடுங்கள். ஆயிரம் ஜீனோம் திட்டத்தின் மூன்றாம் கட்டத்தில் 26 மக்கள்குழுக்களைச் சேர்ந்த 2,504 பேர் இருக்கிறார்கள். தெற்காசியக் குழுக்கள் ஐந்து. அவற்றில் ஒன்று இங்கிலாந்தில் வாழும் இலங்கைத் தமிழர்கள்.

ஒரு நல்ல சிறு கேள்வி: இதயத் தசைப் புரதத்தை உருவாக்கும் எம்ஒய்பிபிசி3 மரபணுவில் 25 எழுத்து விடுபட்ட மாற்றம் இந்தியர்களில் சுமார் 4 சதவீதத்தினரிடம் இருப்பதாக 2009-இல் 'நேச்சர் ஜெனெடிக்ஸ்' இதழில் கட்டுரை வந்தது. ஐந்து குழுக்களிலும் அது எப்படிப் பரவியிருக்கிறது என்று பாருங்கள். 11-ஆம் குரோமோசோமில் அந்தச் சிறு பகுதியை மட்டும் டேபிக்ஸ் என்ற மென்பொருளை வைத்து வெட்டி எடுக்கலாம். முழுக் கோப்பு வேண்டாம்.

இதில் இரண்டு கண்ணிகள். விடுபட்ட எழுத்துகளை ஒவ்வொரு கோப்பும் ஒவ்வோர் இட எண்ணில் குறிக்கலாம். பிசிஎஃப்டூல்ஸ் மென்பொருளின் 'நார்ம்' கட்டளையால் சீர்செய்த பிறகே ஒப்பிட வேண்டும். அடுத்து, 4 சதவீதம் என்பது சுமப்பவர்களின் விகிதம். நூறு பேரில் நால்வரிடம் ஒவ்வொரு பிரதி இருந்தால், ஆளுக்கு இரண்டு வீதம் மொத்தம் 200 பிரதிகளில் 4, அதாவது 2 சதவீதமே அல்லீல் (மரபணுவின் அந்த வடிவம்) விகிதம். இரண்டையும் குழப்பிவிட்டு "முந்தைய ஆய்வு தவறு" என்று போஸ்டர் போடக் கூடாது. ஒரு குழுவில் நூறு பேர் அளவில்தான் இருக்கிறார்கள் என்பதால் நம்பக இடைவெளியையும் (உண்மை மதிப்பு இருக்கக்கூடிய எல்லைகளை) சேர்த்துக் கொடுங்கள்.

ஆறாவது வாரத்தோடு புதிய பகுப்பாய்வை நிறுத்துங்கள். கடைசி இரண்டு வாரம் எழுதவும் பேசவும் வேண்டும்.

கல்லூரி லேபில் பிப்பெட்டை நான்கைந்து முறைதான் தொட்டிருக்கிறேன். போனதும் திட்டு வாங்குவேனோ? (தஞ்சாவூர்)

முதல் நாளே தராசில் பழகுங்கள். 100 மைக்ரோலிட்டர் தண்ணீர் 0.1 கிராம் இருக்க வேண்டும். பத்து முறை எடுத்து எடை போட்டால் உங்கள் கை தெரிந்துவிடும். உறிஞ்சும்போது முதல் நிறுத்தம் வரை மட்டும் அழுத்த வேண்டும். இரண்டாவது நிறுத்தம் வரை அழுத்தி உறிஞ்சினால் அளவு கூடிவிடும். டி.என்.ஏ. கரைசல் பிசுபிசுப்பானது, மெதுவாக இழுங்கள்.

ஒளியை வைத்து அளக்கும் நானோடிராப் கருவியில் டி.என்.ஏ.வின் 260/280 விகிதம் (அந்த நானோமீட்டர் அலைநீளங்களில் ஒளி உறிஞ்சும் அளவுகளின் விகிதம், தூய்மையைக் காட்டும்) 1.8 அருகிலும், ஆர்.என்.ஏ.வுக்கு 2.0 அருகிலும் வர வேண்டும். 260/230 மிகக் குறைந்தால் பிரித்தெடுக்கும் கிட்டின் உப்போ ஃபீனாலோ தங்கியிருக்கிறது. இன்னொரு முறை கழுவுங்கள். அந்தக் கருவி சொல்லும் செறிவை மட்டும் நம்பி லைப்ரரி தயாரிப்பில் (டி.என்.ஏ.வைப் படிக்கும் கருவிக்கேற்பத் தயார்செய்வதில்) இறங்க வேண்டாம். கூடவே கலந்திருக்கும் ஆர்.என்.ஏ.வையும் அது சேர்த்து எண்ணும். க்யூபிட் என்ற இன்னொரு கருவி இரட்டை இழை டி.என்.ஏ.வை மட்டும் அளக்கும். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் வந்தால் க்யூபிட் சொல்வதை எடுத்துக்கொள்ளுங்கள்.

தெரியாததைத் தெரியாது என்றால் யாரும் திட்டுவதில்லை. டியூபில் பெயரும் தேதியும் எழுதாமல் ஃப்ரீசரில் வைத்தால் திட்டு நிச்சயம்.

பணம் கட்டினால் ஒரு வாரத்தில் ஜீனோமிக்ஸ் இன்டர்ன்ஷிப் சான்றிதழ் தருகிறார்களாம். சேரலாமா? (சென்னை)

வேண்டாம். தேர்வுக் குழுக்கள் அதைக் கண்டுகொள்வதில்லை. அந்தப் பணத்தில் ரேமைக் கூட்டுங்கள்.

அமெரிக்காவில் கோடைப் பயிற்சி கிடைக்குமா? (ஈரோடு)

அங்கே மிகப் பெரிய திட்டங்களான என்எஸ்எஃப் (தேசிய அறிவியல் அறக்கட்டளை) ஆர்இயுவும், என்ஐஎச் (தேசிய நலவாழ்வு நிறுவனங்கள்) கோடைப் பயிற்சியும் அமெரிக்கக் குடிமக்களுக்கும் அங்கே நிரந்தரமாக வசிக்கும் உரிமை பெற்றவர்களுக்கும்தான். அவற்றில் நேரத்தைச் செலவிடாதீர்கள். எல்லா நாட்டவரும் விண்ணப்பிக்கக்கூடியவை வேறு இடங்களில் உண்டு: வியன்னா பயோசென்டர் கோடைப் பள்ளி, ஜப்பானில் ஓகினாவா அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆய்வுப் பயிற்சி ஆகியவை அந்த வகை. பாஸ்போர்ட் இல்லையென்றால் முதலில் அதற்கு விண்ணப்பியுங்கள்.

பயிற்சி முடிந்து வரும்போது டேட்டாவைப் பென்டிரைவில் எடுத்து வரலாமா? வீட்டில் தொடர்ந்து செய்ய ஆசை. (புதுச்சேரி)

கைடின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் கூடாது. நோயாளிகளின் டேட்டா என்றால் கேட்கவே வேண்டாம்: பெயரை நீக்கினாலும் ஜீனோமே ஆளைக் காட்டிக்கொடுக்கும். சொந்த கூகுள் டிரைவில் ஏற்றுவதும், ஏஐ சாட்பாட்டில் ஒட்டிக் கேட்பதும் இதில் அடக்கம். நீங்கள் எழுதிய ஸ்கிரிப்டுகளைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். மென்பொருள்களின் பதிப்பு எண்களையும் குறித்து வாருங்கள். ஆறு மாதம் கழித்து அதே முடிவு வரவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.