எண்ணூர் கழிமுகம்: எந்த சட்டம், எந்த ஆபீஸ்? கேளுங்க, சொல்றேன்

கே: அண்ணா, அனல் மின் நிலையத்து சாம்பல் பைப் லீக்காகி ஆத்துல கலக்குது. ரெண்டு ஆபீஸ் ஏறி இறங்கிட்டோம். யார்கிட்ட போறது? (காட்டுக்குப்பம்)

ப: மாசு கட்டுப்பாட்டு வாரியம்தான் தம்பி. 1974 தண்ணி சட்டம் பிரிவு 24, கெடுதலான எதையும் தெரிஞ்சே ஆத்துல விடக்கூடாதுங்குது, 33ஏ படி வாரியம் கம்பெனிய மூடச் சொல்லலாம், கரண்ட்டயும் கட் பண்ணச் சொல்லலாம், அவ்ளோ அதிகாரம் இருக்கு. ஆனா வாய்ல சொல்லாதீங்க, எழுதி தேதி போட்டு ரசீது வாங்குங்க. அப்பவும் அசையலன்னா, கேஸ் போடப்போறேன்னு 60 நாள் நோட்டீஸ் குடுத்துட்டு பிரிவு 49ல நீங்களே மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போலாம். பசுமைத் தீர்ப்பாயம்னா (சுற்றுச்சூழல் வழக்குக்கான தனி கோர்ட்), கேஸ் போட பிரச்சனை முதல்ல ஆரம்பிச்ச நாள்லேருந்து 6 மாசம்தான், காரணம் சரியா இருந்தா இன்னும் 60 நாள் தருவாங்க. நஷ்டஈடு மட்டும் 5 வருஷம்.

கே: கொசஸ்தலை ஆறு காஞ்சு கிடக்கறப்போ கொட்டினா தப்பில்லையாமே?

ப: தப்புதான். தற்காலிகமா காஞ்ச ஓடையும் அந்த சட்டத்துல ஓடைதான்.

கே: தண்ணிய நாங்களே பாட்டில்ல பிடிச்சு குடுக்கலாமா?

ப: புகாருக்கு போட்டோவோட வெச்சுக்கங்க. கேஸ்ல சாட்சியா நிக்கணும்னா வாரியத்து ஆளு நோட்டீஸ் குடுத்து, ரெண்டா பிரிச்சு சீல் வெச்சு எடுக்கணும், பிரிவு 21.

கே: எங்க ஏரியாலயும் கழிவு விடறாங்க, யார்கிட்ட சொல்ல? (மணலி)

ப: முதல் பதில படிங்க. 6 மாசம் ஓடிட்டிருக்கு.

கே: எண்ணூருக்கு கடலோர ஒழுங்குமுறை விதியும் உண்டுங்கறாங்களே, ஈரநில ஆணையம் இருக்கறப்போ அத ஏன் இழுக்கணும், இது சதுப்பு நிலம்தானே?

ப: சதுப்புதான் சார், ஆனா 2017 ஈரநில விதியிலயே கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துல வர்ற இடத்த விட்டுட்டாங்க. அதனால இங்க கடலோர மண்டல மேலாண்மை ஆணையம்தான்.

கே: கழிமுகம் ஆறுதானே, கடல் விதி எப்படி வரும்?

ப: அலை ஏறி இறங்கற தண்ணி எதுக்கும் வரும். நல்ல கோடைல தண்ணில உப்பு ஆயிரத்துக்கு 5 பங்கு இருக்கற வரைக்கும் எல்லை. அலையாத்திக் காடும் சேத்துத்திட்டும் அதுல உச்ச பாதுகாப்பு வகை. 1996 கடலோர மண்டல மேப்ப எடுத்துப் பாருங்க, எண்ணூர் கழிமுகம் அதுல இருக்கு. இறாலும் நண்டும் குஞ்சு வளர்ற அந்த சேத்த சாம்பல் மூடிடுச்சுன்னா கையால தடவி இறால் பிடிக்கறவங்களுக்கு ஏது பொழப்பு? பூண்டிலேருந்து திறக்கற வெள்ளமும் இது வழியாதான் கடலுக்குப் போகணும். ஆணையத்துக்கு ஒரு மனு, வாரியத்துக்கு ஒரு மனு, ரெண்டும் வேணும்.

கே: அண்ணே, யார்கிட்ட புகார் குடுக்கறது?

ப: மேல ரெண்டு தடவ சொல்லிட்டேன். எழுதினீங்களா, ரசீது இருக்கா, அத சொல்லுங்க.

கே: வீட்டுக்குப் பட்டா வாங்கணும், உதவுவீங்களா?

ப: அது தாசில்தார் ஆபீஸ்ல கேளுங்கம்மா.