கூட்டல் குறி இருந்தும் எலக்ட்ரான் ஏன் குறைகிறது?

"சோடியம் அயனிக்குக் கூட்டல் குறி போட்டிருக்கிறார்கள். அப்படியானால் எலக்ட்ரான்கள் 12 தானே? விடையில் ஏன் 10 என்று இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

விடை 10 தான். பல ஆண்டுகளாக ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லித் தருகிறேன். இந்த 12-ஐ எத்தனையோ விடைத்தாள்களில் பார்த்துவிட்டேன். இதைக் கவனக்குறைவு என்று சொல்ல எனக்கு மனம் வராது. கூட்டல் குறியைக் கண்டால் கூட்டத்தானே சிறு வயதிலிருந்து பழக்கியிருக்கிறோம்!

எலக்ட்ரானை இழந்தோ ஏற்றோ மின்சுமை பெற்ற அணுதான் அயனி. அந்தக் குறி சொல்வது அந்த மின்சுமையை. சோடியத்தின் அணு எண் 11, அதாவது உட்கருவில் 11 புரோட்டான்கள். அணுவாக இருக்கும்வரை அவற்றுக்கு ஈடாக 11 எலக்ட்ரான்களும் உண்டு. எதிர் மின்சுமை கொண்ட எலக்ட்ரான் ஒன்று வெளியேறினால் மிச்சம் 10. இப்போது ஒரு புரோட்டானுக்கு ஈடு இல்லை. அதைத்தான் கூட்டல் குறி காட்டுகிறது. ஆகவே அணு எண்ணிலிருந்து மின்சுமையை அதன் குறியோடு கழியுங்கள்: 11 − (+1) = 10. ஓர் எலக்ட்ரானைக் கூடுதலாக ஏற்ற குளோரின், அதாவது குளோரைடு அயனிக்கு 17 − (−1) = 18.

புரோட்டானில் மட்டும் கைவைக்காதீர்கள். 12 புரோட்டான் என்று எழுதிய கணமே அது மக்னீசியம் ஆகிவிடும். நியூட்ரானும் அயனியாவதால் மாறாது. நிறை எண்ணிலிருந்து (புரோட்டான், நியூட்ரான் இரண்டின் மொத்தம்) அணு எண்ணைக் கழித்தால் போதும். சோடியத்துக்கு 23 − 11 = 12.

இங்கே இன்னொரு குழி இருக்கிறது. தனிம அட்டவணையில் குளோரினின் அணு நிறை 35.5 என்று இருப்பதைப் பார்த்து 18.5 நியூட்ரான் என்று எழுதுகிறார்கள். அரை நியூட்ரான் எங்கும் கிடையாது. இயற்கையில் நிறை எண் 35 கொண்ட குளோரின் அணுக்கள் ஏறக்குறைய முக்கால் பங்கு, 37 கொண்டவை கால் பங்கு. 35.5 அவற்றின் சராசரி. எந்த ஓர் அணுவை எடுத்தாலும் 18 அல்லது 20 நியூட்ரான்தான் இருக்கும். எனவே கேள்வியில் தந்திருக்கும் நிறை எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அம்மோனியம் போன்ற, பல அணுக்கள் சேர்ந்த கூட்டு அயனி வந்தாலும் பயம் வேண்டாம். நைட்ரஜனுக்கு 7, நான்கு ஹைட்ரஜனுக்கு 4, ஆக 11 புரோட்டான்கள். மின்சுமை +1 என்பதால் எலக்ட்ரான்கள் 10.

இரும்பு அயனி ஒன்றை நீங்களே போட்டுப் பாருங்கள்: அணு எண் 26, நிறை எண் 56, மின்சுமை +3. புரோட்டான் 26, நியூட்ரான் 30, எலக்ட்ரான் 23 என்று வர வேண்டும். 29 வந்தால் மூன்றாம் பத்தியை மறுபடி படியுங்கள்.